வீட்டுக் குப்பையைப் பிரித்தலும் மறுபயன்பாடும்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

நம் ஊர் வீடுகளில் ஒரு நாளில் சேரும் குப்பையை எடை போட்டால், அதில் பாதிக்கும் மேல் சமையலறையிலிருந்து வந்ததாகவே இருக்கும். எஞ்சிய பாதியில் காகிதம், அட்டை, பால் கவர், பாட்டில், தகரம், துணி என்று யாருக்காவது பயன்படக்கூடியவையே மிகுதி. ஆனால் அவை அனைத்தும் ஒரே கூடையில் விழுந்து, அவற்றின் மேல் மீந்த சாம்பாரும் காபித் தூளும் கொட்டப்பட்ட பிறகு, அந்தக் காகிதத்தைக் காகித ஆலை ஏற்காது. அந்தக் கவரைக் காயலான் கடைக்காரர் கையால் தொட மாட்டார். ஒரு பொருள் குப்பையாவது அது பழசாவதால் அல்ல, ஈரத்தோடும் அழுக்கோடும் கலப்பதால்தான். ஆகவே இந்த வழிகாட்டி, பாட்டிலில் பூந்தொட்டி செய்வதிலிருந்து தொடங்கவில்லை. கலக்காமல் வைப்பதிலிருந்து தொடங்குகிறது.

முதல் வாரம்: கவனிப்பது மட்டும்

முதல் வாரத்தில் எதையும் வாங்க வேண்டாம், எதையும் மாற்றவும் வேண்டாம். இரவில் கூடையை வெளியே வைக்கும் முன் அதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்து, ஒரு தாளில் குறித்து வைத்தால் போதும். எந்த வீட்டிலும் நான்கைந்து பொருள்கள் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம்: காய்கறித் தோல், பால் கவர், இணையத்தில் வாங்கிய பொருள்களின் அட்டைப்பெட்டி, உணவகப் பார்சலின் பிளாஸ்டிக் டப்பா, குழந்தைகளின் தின்பண்ட உறை. எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்ய முனைபவர்கள் மாதக் கடைசிக்குள் கைவிட்டுவிடுவதே வழக்கம் என்பதால், இந்த நான்கைந்துக்கு மட்டும் வழி செய்துகொள்வது நல்லது.

இரண்டாவது வாரத்தில் கூடையை மூன்றாக்குங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஒவ்வொரு வீடும் மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு விளைவிக்கும் வீட்டுக் கழிவு என்று பிரித்தே தர வேண்டும் எனக் கூறின. பச்சை, நீல நிறத் தொட்டிகள் நம் தெருக்களுக்கு வந்ததும் அதை ஒட்டித்தான். வீட்டுக்குள் நிறம் முக்கியமல்ல. சமையல் மேடைக்கு அருகில் மூடியுள்ள ஒரு சிறிய பாத்திரம் மக்கும் குப்பைக்கு. சற்றுத் தள்ளி, காற்றோட்டமான இடத்தில் ஒரு பழைய சாக்கு அல்லது அட்டைப்பெட்டி உலர் பொருள்களுக்கு. குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு டப்பா பேட்டரி, பல்பு, காலாவதியான மருந்து போன்றவற்றுக்கு. மக்கும் குப்பைப் பாத்திரத்துக்குள் பிளாஸ்டிக் பையை விரிக்க வேண்டாம். அடியில் ஒரு செய்தித்தாளை விரித்தால் அதுவும் சேர்ந்தே மக்கிவிடும்.

மக்கும் குப்பைக்கு வழி செய்தல்

இந்த ஒரு படியைச் செய்துவிட்டால் மற்றவை தாமாகவே எளிதாகிவிடும்; அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மொட்டை மாடியோ பால்கனியோ சிறிது இருந்தாலும் வீட்டிலேயே உரமாக்கலாம். அதற்கு இருபது லிட்டர் கொள்ளும் பழைய பெயின்ட் வாளி இரண்டு போதும். நன்றாகக் கழுவிக் காயவைத்த வாளியின் அடியில் ஆறேழு துளைகளும், பக்கவாட்டில் சுற்றிலும் விரற்கடை இடைவெளியில் சிறு துளைகளும், பழுக்கக் காய்ச்சிய கம்பியாலோ துளைக் கருவியாலோ இட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு செங்கல்லின் மேல் வாளியை ஏற்றி, வடியும் நீரைப் பிடிக்க அடியில் ஒரு தட்டை வைக்கவும். முதலில் மூன்று விரற்கடை உயரத்துக்குச் சருகோ தென்னை நார்த் தூளோ இடவும். அதன் பின் அன்றாடக் காய்கறித் தோலைப் போட்டு, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே அளவு சருகால் மூட வேண்டும். தொடக்கத்தில் ஒரு கைப்பிடி பழைய எருவோ, தண்ணீரில் கரைத்த புளித்த மோரோ தெளித்தால் மக்குதல் விரைவில் தொடங்கும்; கடையில் விற்கும் நுண்ணுயிர்க் கலவை கட்டாயமில்லை.

சருகு ஏன் என்று பலரும் கேட்பதுண்டு. காய்கறிக் கழிவில் தழைச்சத்தும் நீரும் மிகுதி. சருகிலும் நார்த் தூளிலும் கரிமச் சத்து மிகுதி. எடையளவில் தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமம் இருபத்தைந்து முதல் முப்பது பங்கு இருக்கும்போது நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்கின்றன. சருகு குறைந்தால் வாளிக்குள் காற்று புகாமல் கூழாகி நாற்றமடிக்கும். மிகுந்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் மட்டும் வரும் பதமே சரியானது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு குச்சியால் கிளறிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாளியைக் கூரைக்கு அடியில் வைத்து, சருகைச் சற்றுக் கூட்டிப் போடுவது அவசியம். கோடையில் சில நேரம் நீர் தெளிக்கவும் நேரலாம்.

முதல் வாளி நிறைந்ததும் அதை மூடி ஒதுக்கி வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்கலாம். நம் வெப்பநிலையில் நிறைந்த வாளி இரண்டு மூன்று மாதத்தில் கருப்பாகவும் உதிரியாகவும் மாறிவிடும். அதைச் சலித்து, ஒரு பங்குக்கு இரண்டு மூன்று பங்கு மண்ணோடு கலந்து தொட்டிகளுக்கு இடலாம். தட்டில் வடிந்த நீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்த பிறகே செடிக்கு ஊற்ற வேண்டும்.

புதியவர்களை அச்சுறுத்துபவை இரண்டு. வெள்ளைப் பூஞ்சை படர்வது நல்ல அறிகுறி, அதைக் கண்டு எதையும் கொட்ட வேண்டாம். தட்டையான பழுப்பு நிறப் புழுக்கள் தோன்றினால் அவை பெரும்பாலும் கருப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள். வீட்டு ஈயைப் போல உணவில் உட்காரும் பழக்கம் அவற்றின் ஈக்கு இல்லை, கழிவையும் அவை விரைவாகத் தின்று தீர்க்கும். பார்க்கச் சகிக்கவில்லை என்றால் சருகைக் கூட்டி ஈரத்தைக் குறைக்கலாம். தேயிலைச் சக்கையில் சர்க்கரை இருந்தால் எறும்பு வரும் என்பதால் ஒருமுறை அலசிப் போடவும். வாழை இலையைக் கிழித்தும், முட்டை ஓட்டை நொறுக்கியும் போடவும். மீன், இறைச்சிக் கழிவும் மீந்த குழம்பும் எலியை வரவழைக்கும். பழகும்வரை அவற்றை வாளியில் போடாமல் தூய்மைப் பணியாளரிடம் மக்கும் குப்பையாகத் தந்துவிடுவதே நல்லது. தேங்காய் ஓடு மக்க நெடுங்காலம் பிடிக்கும், அதைத் தனியே சேர்க்கலாம்.

இடமே இல்லாத வீடுகள் வருந்த வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் நுண் உரமாக்கும் மையங்கள் இயங்குகின்றன; மக்கும் குப்பையை மட்டும் தனியாகத் தந்தால் அது அங்கே உரமாகிறது. அதற்குள் ஒரு ஷாம்பு பாக்கெட் கிடந்தால்கூட, யாரோ ஒருவர் தன் கையால் அதைப் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது என்பதை நினைவில் கொள்ளலாம்.

காயலான் கடைக்குப் போகும் பொருள்கள்

பழைய இரும்புக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் தருவதாகக் கூவிக்கொண்டு தெருவில் வந்தவர்கள் ஒரு தலைமுறைக்கு முன்பே மறுசுழற்சியை நடத்திக்கொண்டிருந்தார்கள். இன்று அந்த வேலையைப் பழைய பேப்பர் கடைகளும் தள்ளுவண்டிக்காரர்களும் செய்கிறார்கள். வீட்டுக்கு அருகிலுள்ள கடைக்கு ஒருமுறை நேரில் சென்று, எவற்றை எடுத்துக்கொள்வார்கள், எவற்றை எடுக்க மாட்டார்கள் என்று கேட்டு வருவது, எந்தக் கட்டுரையைப் படிப்பதையும்விடப் பயனுள்ளது. ஏனெனில் அவர்களிடமிருந்து வாங்கும் பெரிய வியாபாரி எதை ஏற்கிறாரோ அதைப் பொறுத்து இந்தப் பட்டியல் கடைக்குக் கடை மாறும்.

பொதுவாக உலோகங்களில் செம்புக்கு அதிக விலை. அடுத்துப் பித்தளை, அலுமினியம், கடைசியாக இரும்பு. அலுமினியத்தைத் தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கு அளவே அதை உருக்கி மீண்டும் வார்க்கத் தேவைப்படுகிறது. ஆகவே நசுங்கிய குக்கர் மூடியையும் காலியான குளிர்பானக் குவளையையும் எக்காரணம் கொண்டும் தூக்கி எறிய வேண்டாம்.

காகிதத்தில் செய்தித்தாள், நோட்டுப் புத்தகம், அட்டை ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கட்டி வையுங்கள். சேர்த்துக் கட்டினால் எல்லாவற்றுக்கும் மலிவான பொருளின் விலையே கிடைக்கும். சில கடைகளில் ஆங்கில நாளிதழுக்குத் தமிழ் நாளிதழைவிடக் கூடுதல் விலை தருவதுண்டு. இதில் மொழிப் பாகுபாடு எதுவுமில்லை, தாளின் தரத்துக்கான விலைதான். அட்டைப்பெட்டிகளின் ஒட்டுநாடாவை உரித்து, தட்டையாக்கி அடுக்கவும். எண்ணெய் ஊறிய பீட்சா பெட்டி, துடைத்தெறிந்த டிஷ்யூ, கடைகளில் தரும் வழவழப்பான பில் தாள், உட்புறம் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை ஆகியவை காகிதம் போலத் தோன்றினாலும் காகிதக் கட்டில் சேரக் கூடாது.

பிளாஸ்டிக்கில் பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் உள்ள எண்ணைப் பாருங்கள். 1 என்பது தண்ணீர் பாட்டிலும் குளிர்பான பாட்டிலும். 2 ஷாம்பு, சலவைத் திரவக் குப்பிகள். 4 பால் கவர் போன்ற மெல்லிய உறைகள். 5 பார்சல் டப்பாக்களும் வாளி, குடங்களும். இந்த நான்கையும் பெரும்பாலான கடைகள் ஏதோ ஒரு விலைக்கு எடுத்துக்கொள்ளும். 3 என்பது பிவிசி, 6 தெர்மாகோல் வகை, 7 கலப்பு. இவற்றுக்குக் கேட்பார் குறைவு. பாட்டிலின் மூடியைக் கழற்றித் தனியே போட்டு, பாட்டிலை நசுக்கி வைத்தால் இடம் மிச்சமாகும். மூடியும் பாட்டிலும் வெவ்வேறு பிளாஸ்டிக். ஆலைகளில் துண்டுகளாக்கித் தண்ணீரில் போட்டால் மூடி மிதக்கும், பாட்டில் மூழ்கும், அப்படித்தான் அவற்றைப் பிரிக்கிறார்கள். அந்த பாட்டில் துண்டுகள் உருக்கப்பட்டு இழையாகி, பாலியஸ்டர் துணியாகவும் தலையணைப் பஞ்சாகவும் திரும்பி வருகின்றன.

பால் கவரைப் பற்றி ஒரு சொல். அதன் மூலையை முழுவதுமாக வெட்டி எடுக்காமல், ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். அந்தச் சிறு துண்டுகளை ஒருவராலும் பொறுக்கிச் சேர்க்க முடியாமல் அவை வாய்க்காலுக்குத்தான் போய்ச் சேர்கின்றன. கவரை உடனே அலசி, அந்த நீரைச் செடிக்கு ஊற்றி, கவரைத் துணிக் கொடியில் கவ்வி மாட்டிக் காயவிட வேண்டும். மறுநாள் அலசலாம் என்று விட்டால் புளித்த நாற்றம் வீட்டையே எதிரியாக்கிவிடும். குப்பை பிரிக்கும் வழக்கம் பல வீடுகளில் நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

கண்ணாடியை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம். ஆயினும் எடை மிகுதி, விலை குறைவு என்பதால் கடைக்காரர்கள் தயங்குவார்கள். முழு பாட்டிலாக இருந்தால் வாய்ப்பு அதிகம். 2022-இல் நீலகிரியில் தொடங்கி வேறு மாவட்டங்களுக்கும் சென்ற, காலி மதுப் புட்டியைத் திருப்பித் தந்தால் 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும் ஏற்பாடு, பொருளுக்கு ஒரு விலை வைத்தால் அது காட்டில் கிடக்காது என்பதை எடுத்துக்காட்டியது. உடைந்த கண்ணாடியைப் பழைய செய்தித்தாளில் தடிமனாகச் சுற்றி, மேலே எழுதித் தனியாகவே தர வேண்டும்.

எடை போடும்போது தராசின் முள் பூஜ்ஜியத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதில் தவறில்லை. அதே நேரத்தில், சில ரூபாய்களுக்காக நெடுநேரம் பேரம் பேசுவதும் தேவையற்றது. அவர் தொடர்ந்து வருவதே நமக்குப் பெரிய இலாபம்.

யாரும் விலைக்கு வாங்காதவை

சிப்ஸ், பிஸ்கட் உறைகளில் பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் அவற்றைப் பிரித்து உருக்குவது கடினம். இவற்றைச் சுத்தமாக வைத்து மக்காத குப்பையாகத் தந்துவிட வேண்டும்; சிமென்ட் ஆலைகளில் எரிபொருளாகவாவது பயன்படும். மெல்லிய பிளாஸ்டிக் கழிவைத் துண்டாக்கி, சூடான ஜல்லியின் மேல் தூவிப் பூச்சாக்கி, அதன் பின் தாரோடு கலக்கும் சாலை முறையை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அதற்கும் சேறும் சோறும் ஒட்டாத பிளாஸ்டிக்தான் வேண்டும்.

நாப்கின், டயாப்பர் ஆகியவற்றைச் செய்தித்தாளில் சுற்றி, சிவப்பு மையால் குறியிட்டுத் தனியே தருவது, அதைக் கையாள்பவருக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

பேட்டரி, கைப்பேசி, சார்ஜர் போன்ற மின்கழிவைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன். செம்புக்காக வயரை எரிப்பதும், மின்சுற்றுப் பலகையை அமிலத்தில் போடுவதும் எங்கோ ஒரு குடியிருப்பின் நடுவேதான் நடக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள் தயாரிப்பாளர்களையே பொறுப்பாளிகளாக்குகின்றன. எனவே நிறுவனங்களின் சேவை மையங்களிலும் அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பு மையங்களிலும் கேட்டுத் தரவும். தரும் முன் கைப்பேசியிலுள்ள தகவல்களை அழித்துவிடவும். லித்தியம் பேட்டரியின் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி வைக்கவும். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, அது தீப்பிடிக்கும். இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். பழைய சிஎஃப்எல் விளக்கிலும் குழல் விளக்கிலும் பாதரசம் இருப்பதால் அவற்றை உடைக்காமல் தர வேண்டும்.

வீட்டிலேயே மறுபயன்பாடு

எறிவதற்கு முன் பழுதுபார்க்க முடியுமா என்பதே முதற் கேள்வி. குக்கருக்கு ஒரு காஸ்கெட், மிக்சிக்கு ஒரு கப்ளர், குடைக்கு ஒரு கம்பி, செருப்புக்கு ஒரு தையல் என்று சிறு செலவில் முடிபவை ஏராளம். இந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் நம் கடைத்தெருக்களில் இருக்கிறார்கள்.

துணியில் பருத்தியையும் செயற்கை இழையையும் பிரித்தறிவது முக்கியம். ஒரு நூலை உருவி, பாதுகாப்பாகத் தீயில் காட்டினால் பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணியாக உறையும். நீரை உறிஞ்சுவது பருத்திதான். ஆகவே பழைய பனியனும் வேட்டியும் துடைக்கும் துணிக்கு மிக ஏற்றவை. திருப்பூரின் வெட்டுத் துண்டுகளைப் பட்டறைகள் விலை கொடுத்து வாங்கிக் கை துடைக்கப் பயன்படுத்துவதும் அதனால்தான். பலமுறை துவைத்து மென்மையான நூல் புடவையைக் குழந்தையின் தூளிக்காக எடுத்து வைக்கும் வழக்கத்தை நாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. செயற்கை இழைத் துணிகள் பைக்கும் மிதியடிக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உள்ளது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கப்பட்டது. ஆனால் துணிப்பையைப் புதிதாக வாங்கிக் குவிப்பதில் பொருளில்லை. கிழிந்த ஜீன்ஸின் ஒரு கால் பகுதியை வெட்டி, அடியைத் தைத்து, இடுப்புப் பட்டையைப் பிடியாக்கினால் ஐந்து கிலோ அரிசி தாங்கும் பை கிடைக்கும். அன்பளிப்பாகத் தருவதென்றால் துவைத்த, பொத்தான் உள்ள, நீங்களே உடுத்தத் தயங்காத துணியை மட்டும் தாருங்கள்.

பள்ளி ஆண்டு முடியும்போது நோட்டுகளின் எழுதாத பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தடித்த நூலால் தைத்தால் அடுத்த ஆண்டின் கணக்குப் பயிற்சி நோட்டு தயார். ஹார்லிக்ஸ், ஜாம் குப்பிகளை வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்தால் மசாலாவுக்கும் பருப்புக்கும் போதும். தேங்காய் ஓட்டில் துளையிட்டுச் செடி நாற்று வளர்க்கலாம்.

பாட்டிலுக்குச் சாயமும் மினுமினுப்பும் பூசி அலங்காரப் பொருளாக்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. சுத்தமான 1-ஆம் எண் பாட்டில் விலை போகும். பசையும் சாயமும் பூசிய பாட்டில் சில மாதம் அலமாரியில் தூசி படிந்து, பின் யாருக்கும் பயனில்லாத குப்பையாகிறது. அதேபோல, என்றாவது பயன்படும் என்று எல்லா டப்பாவையும் சேர்த்து வைப்பதும் மறுபயன்பாடு ஆகாது. ஒரு அலமாரித் தட்டை இதற்கென ஒதுக்கி, அது நிறைந்தால் எஞ்சியவற்றை எடைக்குப் போட்டுவிடுவது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

சில எச்சரிக்கைகள் உண்டு. செய்தித்தாளில் பஜ்ஜியை மடிப்பதும் எண்ணெய் வடிப்பதும் வேண்டாம்; அச்சு மையிலுள்ள வேதிப்பொருள்கள் உணவில் சேரும் என்பதால் இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம் இதைத் தடை செய்துள்ளது. தண்ணீர் பாட்டிலில் சூடான பானம் ஊற்றவோ, பெயின்ட் வாளியில் அரிசி, ஊறுகாய் வைக்கவோ கூடாது. பூச்சிக்கொல்லிக் குப்பியை எத்தனை முறை கழுவினாலும் வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். மாடித் தோட்டத்துக்காகச் சேர்க்கும் டயர், ஓடு, டப்பா எதுவானாலும் அடியில் துளையிருக்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஏழு முதல் பத்து நாளே போதும் என்பதால், தேங்கும் நீரை வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுவது கட்டாயம்.

போகிக்கு முன்

ஆண்டு முழுதும் பிரித்து வைத்த வீட்டிலும் தை பிறக்கும் முன் பரணிலிருந்து ஏதாவது இறங்கும். பழைய பாய், ஓலைத் தட்டி ஆகியவற்றோடு டயரும் நைலான் பாயும் பிவிசி குழாயும் தீக்குப் போவதுதான் சிக்கல். பிவிசி எரியும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையும் டயாக்ஸின் என்ற நச்சும் வெளிவருகின்றன. 2018 போகியன்று புகையும் பனியும் கலந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாகும் அளவுக்கு நகரம் மூடிக்கொண்டது. இப்போது சென்னை மாநகராட்சி போகிக்கு முந்தைய நாள்களில் பழைய துணி, டயர், ரப்பர், பாய் ஆகியவற்றைத் தனியே பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்கிறது. மார்கழி நடுவிலேயே பரணை இறக்கிவிட்டால், விற்கக்கூடியதைக் கடைக்கும் உடுத்தக்கூடியதைத் தேவைப்படுவோருக்கும் தந்துவிட்டு, எஞ்சிய டயரையும் கிழிந்த மெத்தையையும் வார்டு தூய்மைப் பணியாளரிடம் சேர்க்க இரண்டு வாரம் கையில் இருக்கும்.